கார்டு சொன்ன பெயர்

"இது செவிட்டு மிஷின், டீச்சர். தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது."

கஸ்பார் லேப்டாப்பை மேசைமேல் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டான்.

கடலில் இருக்கும் படகுகளோடு கரை பேசுவது அந்த லேப்டாப் வழியாகத்தான். பக்கவாட்டுப் பொந்தில் விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு வயர்லெஸ் கார்டைச் செருகவேண்டும். நேற்றுவரை நன்றாகத்தான் பேசியது. கஸ்பார் சும்மா இருக்கமாட்டாமல் பழைய இயங்குதளத்தைத் தூக்கிவிட்டு, யூனிக்ஸ் வகையில் ஒன்றைப் போட்டான். அதோடு கார்டு ஊமையாகிவிட்டது.

காலையிலிருந்து காற்று சரியில்லை. அவன் தம்பி சேவியர் ஆழ்கடலில் இருந்தான். திரும்பி வா என்று சொல்ல வழியில்லை.

ரெஜினா வயதில் கஸ்பாருக்கு இளையவர். ஆனாலும் இயங்குதளத்தின் அடிவயிறுவரை போய் வந்தவர் என்பதால் அந்தக் கரையில் எல்லோருக்கும் டீச்சர்.

"என்னவெல்லாம் செஞ்சீங்க, அண்ணாச்சி?"

"செய்யாதது என்ன? கார்டை ஓட்டுறதுக்குன்னு இருக்கிற டிரைவர் நிரலையெல்லாம் ஒவ்வொண்ணா ஏத்திப் பார்த்தேன். எழுந்திரு, எழுந்திருன்னு கட்டளை மேல கட்டளை."

"அது என்ன சொல்லிச்சு?"

"எது?"

"கார்டு."

கஸ்பாருக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பி கடலில் கிடக்கிறான், இவர் விடுகதை போடுகிறார்.

"கார்டு எப்படி டீச்சர் பேசும்? அது தகரம்."

ரெஜினா கார்டை வெளியே உருவினார். என்னவோ தட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இயங்குதளம் எழுதுற செய்தி எதுவும் திரைக்கு வராம அடைச்சு வச்சிருக்கீங்களே, ஏன்?"

"நான் கட்டளை அடிக்கையில நடுவுல நடுவுல வந்து எதையாவது எழுதுது. தொணதொணன்னு. எரிச்சலா இருந்துச்சு. வாயை மூடுன்னு வச்சுட்டேன்."

ரெஜினா அந்த அடைப்பைத் திறந்துவிட்டார். கார்டை அவன் கையில் கொடுத்தார்.

"செருகுங்க. செருகிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

செருகினான். கையைக் கட்டிக்கொண்டான். விரல்கள் சும்மா இருக்கமாட்டேன் என்றன.

திரையில் ஒரு வரி வந்தது.

அவன் அதை வாய்விட்டுப் படித்தான். செய்த கம்பெனியின் பெயரும் எண்ணும். கார்டின் பெயர். அதன் எண். கடைசியில், இதைக் கவனிக்க யாரும் இல்லை என்று ஒரு குறிப்பு.

அவன் திரையைத் தொட்டுக் காட்டினான்.

"டீச்சர், இது பேரைச் சொல்லுது!"

"காலையிலிருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

"யார் கேட்டா இதுகிட்ட?"

"இயங்குதளம். எதைச் செருகினாலும் முதல்ல நீ யாருன்னுதான் கேக்கும்."

"இந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷமாச்சே."

"ஆமா."

"இயங்குதளத்தை எழுதினவங்க இந்தக் கார்டைப் பார்த்திருப்பாங்களா?"

"பார்த்திருக்கமாட்டாங்க."

கஸ்பார் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ஊரிலோ யாரோ செய்த தகடு. வேறெங்கோ வேறு யாரோ எழுதிய நிரல். செய்தவரும் எழுதியவரும் முகம் பார்த்ததில்லை. இந்த மேசைக்கு வந்து ஒன்று யார் நீ என்கிறது, மற்றது இன்னார் என்கிறது. பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்தும்போது கோயில் முழுக்க அடங்கிப்போகுமே, அப்படி அடங்கிப்போனான். கொஞ்ச நேரம் தம்பியைக்கூட மறந்துவிட்டான்.

பிறகு நினைவு வந்து பதறினான்.

"கவனிக்க யாரும் இல்லைங்குதே, டீச்சர்?"

"இதோட கூடப்பிறந்த கார்டு ஒண்ணுக்கு டிரைவர் இருக்கு. அந்த டிரைவருக்கு இதைத் தெரியாது. நீங்கதான் அறிமுகப்படுத்தி வைக்கணும்."

கம்பெனி எண், கார்டு எண், அவ்வளவுதான். அந்த டிரைவரின் பட்டியலில் சேரும்படி கஸ்பார் அடித்தான்.

கார்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் இரைச்சல் கிளம்பியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"...அண்ணே, கேக்கா? காலைல வெள்ளனயே காத்து மாறுறதப் பார்த்துப் படகைத் திருப்பிட்டோம். லைட்ஹவுஸ் தெரியுது. நீ பதறாத..."

கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரெஜினா மைக்கை அவன் பக்கம் நகர்த்தினார். "பதில் சொல்லலையா, அண்ணாச்சி?"

அவன் மைக்கைத் தொடவில்லை.

"பொறுங்க, டீச்சர். அவன் இன்னும் பேசிக்கிட்டிருக்கான்."