நாலு மணி லைன்

“அம்மா, இந்த செல்போன் மனுஷனை அழிச்சிடுச்சு” என்றார் தில்லைநாயகம்.

வடிவம்மை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கல்யாண வீட்டுல குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கறான். சாவு வீட்டுலயும் அதே கதைதான். பெத்தவ பக்கத்துல உட்கார்ந்திருக்கா, இவன் எவனோ ஆடறதைப் பார்த்துச் சிரிக்கிறான். இதுக்குப் பேரு முன்னேற்றமா?”

“உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க ஐயா. ஊர்க் கஷ்டத்தை அப்புறம் பார்க்கலாம்.”

தில்லைநாயகத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்து நாலு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் ‘ஹலோ’ என்று எழுந்து உட்காருவார். சத்தமே இல்லாத இடமாகத் தேடித்தான் சிறுமலை அடிவாரத்தில் இருந்த இந்த மௌனக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். குரு வடிவம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

குடிலில் இரண்டே விதிகள். வடிவம்மையின் அறையைத் தவிர வேறெங்கும் பேசக்கூடாது. செல்போனை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மீறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெட்டிச் சாவி தில்லைநாயகத்தின் இடுப்பில் இருந்தது. போனைத் தரமாட்டேன் என்று முறைத்த ஒரு பெரிய மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

“மாசிலாமணி ஒரு போன் வெச்சிருக்கான்” என்றார்.

“தோட்டத்தைப் பார்த்துக்கறவரா?”

“அவனேதான். தினம் நாலு மணிக்குக் கிணத்தடிக்குப் போய் ஒளிஞ்சு பேசறான். என் கண்ணால பார்த்தேன்.”

“என்ன பேசினார்?”

மாசிலாமணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய் பேசவும் வராது.

“கையால பேசினான்.”

“சத்தம் வந்துதா?”

“சத்தம் எப்படிம்மா வரும்?”

“அப்ப மௌனம் கலையலை.”

“போனுக்குத் தனி விதி இருக்கே! ஒருத்தனுக்கு விட்டா ஊருக்கே விடணும். அவனை அனுப்பிடுங்க. இல்லேன்னா இந்தாங்க சாவி.”

சாவியைப் பூண்டுத் தட்டில் வைத்தார்.

வடிவம்மை அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“அனுப்பிடலாம். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. பேசறதுக்கு அவருக்கு ரெண்டு கையும் வேணும். போனைக் கொய்யாக் கிளை இடுக்குல சொருகி வெச்சுட்டுத்தான் பேசறார். காத்தடிச்சா விழுந்துடுது. நாளையிலேருந்து நீங்க போய்ப் பிடிச்சுக்கங்க.”

“நானா? போனையா?”

“நீங்க பிடிக்காத போனா?”

மறுநாள் நாலு மணிக்கு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாசிலாமணி அவரைக் கண்டதும் பயந்து போனை இடுப்பில் செருகினார். தில்லைநாயகம் கையை நீட்டி வாங்கி, திரை அந்த மனிதரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.

எக்ஸ்சேஞ்சில் அவர் கேட்காத குரல் இல்லை. ஆனால் ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இங்கே முகம் மட்டும்தான் இருந்தது.

மாசிலாமணியின் கைகள் கத்தரிக்காய் காய்த்திருப்பதைச் சொல்லின. மழை வரப்போவதைச் சொல்லின. பிறகு நெஞ்சைத் தொட்டன, கூம்பின, அப்படியே கெஞ்சிக்கொண்டு நின்றன. பத்து நிமிடம் ஆயிற்று.

அந்தப் பக்கம் அப்படி யார்தான் இருக்கிறார்கள் என்று தில்லைநாயகம் திரையை எட்டிப் பார்த்தார்.

ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேறு ஒருவரும் இல்லை.

நேராக வடிவம்மையின் அறைக்கு வந்தார்.

“அம்மா, அவனுக்கு மூளை குழம்பிப் போச்சு. விசிறிகிட்டப் பேசறான்.”

“அது அவர் வீட்டு விசிறி. திருப்பூர்ல இருக்கு. அவர் சம்சாரம் சோலையம்மா போனை மல்லாக்க வெச்சுட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க.”

“எதுக்கு?”

“கோபம். இவர் குடிச்சுட்டு அவங்க தையல் மிஷினை வித்துட்டார். குடியை விடத்தான் இங்க வந்தார், விட்டுட்டார். அந்த அம்மாவுக்கும் காது கேட்காது. நமக்குக் கோபம் வந்தா பேச மாட்டோம். அவங்களுக்குக் கோபம் வந்தா பார்க்க மாட்டாங்க. அஞ்சு மாசமா விசிறியைத்தான் காட்டறாங்க.”

“அப்புறம் எதுக்குப் போனை எடுக்கணும்?”

“அதானே? ஆனா ஒரு நாள்கூட எடுக்காம இருந்ததில்லை. அதை நம்பித்தான் அந்த மனுஷன் நாலு மணிக்குப் போய் நிக்கறார். ஓரமா எட்டிப் பார்க்கறாங்களோ என்னவோ, அவருக்கும் தெரியாது.”

தில்லைநாயகம் இடுப்பிலிருந்த சாவியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“முன்னெல்லாம் இவங்க மாதிரி ஆளுங்க ஆளுக்கொரு ஊர்ல இருந்தா எப்படிம்மா பேசிப்பாங்க?”

“எக்ஸ்சேஞ்சுல இருந்தது நீங்க. என்னைக் கேட்டா?”

பணி நிறைவு விழாவில் மைக்கைப் பிடித்து, ‘இந்த மாவட்டத்தில் எங்கள் கை படாமல் யாரும் வெளியூருக்குப் பேசியதில்லை’ என்று அவர் பெருமையடித்துக்கொண்டது உண்டு. அந்த ‘யாரும்’ என்பதில் மாசிலாமணி இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. உள்ளங்கை அகலக் கண்ணாடி அவரையும் பேச வைத்துவிட்டதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. இதை யோசித்துச் செய்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தார்.

மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே கிணற்றடியில் நின்றார். திரையை வேட்டி நுனியால் துடைத்தார். மாசிலாமணியின் முகத்தில் வெயில் அடிக்கிறது என்று அவரைத் தோளைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தினார்.

பன்னிரண்டு நாள் விசிறிதான் சுற்றியது.

பதின்மூன்றாம் நாள் மாசிலாமணியின் கைகள் பாதியில் நின்றன.

கண்கள் அகலமாயின. தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். தில்லைநாயகத்துக்குத் திரை தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அம்மா முகத்தைக் காட்டிவிட்டார்.

அடுத்த நொடி அந்தக் கண்கள் பதறின. மாசிலாமணி போனைச் சுட்டிக் காட்டினார். தில்லைநாயகம் திருப்பிப் பார்த்தார். பாதி முகத்தோடு படம் உறைந்து நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

லைன் போய்விட்டது.

அஞ்சு மாசம் கழித்து முகத்தைக் காட்டியவள், காட்டியதும் புருஷன் போனை வைத்துவிட்டான் என்று நினைத்தால்? நாளைக்கு எடுப்பாளா?

டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்தக் குடிலில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கிணற்றுக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறினார். முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. உச்சியில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கினார்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஹலோ!” என்று கத்தினார். “ஹலோ! திருப்பூர்! வெச்சுடாதீங்கம்மா! லைன்லயே இருங்க! அவரு இங்கதான் இருக்காரு! ஹலோ! ஹலோ!”

காது கேட்காத பெண்ணிடம் கத்துகிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

தியானக் கூடத்தில் கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் எழுந்து வெளியே ஓடிவந்தார்கள்.

படம் அசைந்தது.

அழுது வீங்கிய ஒரு முகம் திரைக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அது திடுக்கிட்டது. அதற்குள் மாசிலாமணி மூச்சு வாங்கப் பாறை மேல் வந்து சேர்ந்தார். தில்லைநாயகம் போனை அவர் பக்கம் திருப்பினார்.

கைகள் பேச ஆரம்பித்தன. இந்த முறை நடுவே நடுவே நின்று, பதிலைப் பார்த்துவிட்டுப் பேசின.

பாறைக்குக் கீழே குடிலே திரண்டு நின்றது. எல்லாருக்கும் முன்னால் வடிவம்மை.

“அம்மா” என்றார் தில்லைநாயகம். “ரெண்டு விதியையும் நானே மீறிட்டேன். இன்னிக்கே மூட்டையைக் கட்டிடறேன்.”

“கட்டலாம்.”

வடிவம்மை பாறையில் ஏறி வந்தார். போனைப் பிடித்திருந்த தில்லைநாயகத்தின் முழங்கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டார்.

“அவங்க பேசி முடிக்கட்டும். ஆடாமப் பிடிங்க.”