பந்தைத் தொடாத சன்னாசி

மேற்கு மலைச் சரிவில் ஒரு காடு. அந்தக் காட்டில் அடிதடி கிடையாது, கடிபிடி கிடையாது. என்ன தகராறு வந்தாலும் மிருகங்கள் கூடைப்பந்து ஆடித்தான் தீர்த்துக்கொள்ளும். நம்ப முடியவில்லையா, பிள்ளைகளே? கதையைக் கேளுங்கள், நம்புவீர்கள்.

இரண்டு வேங்கை மரங்கள். மரத்துக்கு ஒரு பிரம்புக் கூடை. இலவம்பஞ்சு அடைத்த பந்து ஒன்று. ஓடையின் வடகரைக்கு ஓர் அணி, தென்கரைக்கு ஓர் அணி. நடுவராக ஒரு யானை. ஆடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஆட்டமே பிழைப்பு. தேனும் கிழங்கும் பழமும் கரைக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தென்கரை அணிக்குப் பயிற்சி கொடுத்தது பேச்சி என்ற கரடி. நல்லவள்தான். ஆனால் அவசரக்காரி. எதையும் ஒரு தடவை பார்ப்பாள், உடனே முடிவு கட்டிவிடுவாள்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தித் தள்ளியது. ஓடை நூலாக இளைத்துப் போனது. ஆலமரத்து மடு ஒன்றில்தான் தண்ணீர் தங்கியது. இரண்டு கரைக்கும் அது போதாது. என்ன செய்வது? வழக்கப்படி ஆட்டம்தான். ஜெயிக்கிற கரைக்கு மழை வரும்வரை மடு சொந்தம். தோற்கிற கரை மலையைத் தாண்டிப் போய் ஆற்றில் குடிக்க வேண்டும்.

பேச்சிக்கு இரண்டு குட்டிகள். இப்போதுதான் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கப் பழகியிருந்தன. அதுகள் எப்படி மலை ஏறும்?

"எப்படியாவது ஜெயிச்சே ஆகணும். யாரை வச்சுக்கலாம், யாரைக் கழிக்கலாம்?" என்று தன் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் பந்தைக் கூடையில் போட்டாலும், மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் அவர் தலையில் ஒரு பூவைப் போடும். ஆட்டம் முடிந்ததும் யார் தலையில் பூ அதிகமோ அவர்தான் கெட்டிக்காரர். சாப்பாட்டில் முதல் பங்கும் அவருக்குத்தான். பேச்சியும் அப்படித்தான் ஆளை எடை போடுவாள்.

பூரணி என்ற புள்ளிமானுக்கு எப்போதும் தலை நிறையப் பூ. முயலுக்கும் காட்டாட்டுக்கும் அணிலுக்கும் ஏதோ கொஞ்சம் விழும். சன்னாசி என்ற முள்ளம்பன்றிக்கு மட்டும் ஒன்றுகூட விழுந்ததில்லை.

எப்படி விழும்? சன்னாசி பந்தையே தொடமாட்டான். சேர்ந்த முதல் நாள் ஆசையாகப் பந்தைப் பிடிக்கப் போனான். பந்து முதுகு முள்ளில் போய்க் குத்திக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. பஞ்சு பறந்ததுதான் மிச்சம். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்வான். கூடைக்கு இடப்பக்கம் போய்ப் பேசாமல் நிற்பான். அவன் நின்று நின்று அந்த இடத்தில் புல்லே முளைக்கவில்லை.

"இவனுக்கு எதுக்குத் தெண்டச் சோறு?" என்று பேச்சி முணுமுணுத்தாள்.

அந்த முணுமுணுப்பு எப்படியோ வடகரைக்குப் போய்ச் சேர்ந்தது. வடகரையின் பயிற்சியாளர் நாகப்பன் என்ற நரி. அவன் மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பேச்சியக்கா, சௌக்கியமா? குட்டிங்க நல்லா இருக்கா?"

"எனக்கென்ன, இருக்கேன். நீ வந்த காரியத்தைச் சொல்லு."

"ஆள் மாத்திக்கலாமான்னு கேக்க வந்தேன். எங்க கிட்டானை உங்களுக்குத் தரேன்."

பேச்சி திகைத்துப் போனாள். கிட்டான் என்பது வடகரையின் குரங்கு. ஒரு கையால் தொங்கிக்கொண்டே மறு கையால் பந்தைப் போடுவான். அவன் தலையில் பூ விழாத நாளே கிடையாது.

"கிட்டானையா? அவனுக்குப் பதிலா யாரைக் கேக்கிறே? பூரணியைத் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"ஐயோ, பூரணி எதுக்கு? அந்த முள்ளம்பன்றி இருக்கானே, சன்னாசி. அவனைக் கொடுங்க, போதும்."

பேச்சிக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. 'இந்த நரிக்குப் புத்தி கெட்டுப் போச்சு!' என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு ஏன் சன்னாசி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லையே!

ஆள் மாற்றுவதற்கும் அந்தக் காட்டில் ஒரு முறை இருந்தது. முதலில் இரண்டு பயிற்சியாளர்களும் ஓடையில் ஆளுக்கொரு கல் போட வேண்டும். அப்புறம் ஒரு வெள்ளோட்ட ஆட்டம். அது முடிந்ததும், பொழுது சாய்வதற்குள், மாறிப்போகிற இருவரும் கல் போட வேண்டும். அவர்களில் ஒருவர் போடாவிட்டாலும் எல்லாம் பழையபடிதான்.

நாகப்பன் தன் கல்லைப் போட்டான். அவன் மனம் மாறிவிடப் போகிறதே என்று பேச்சி ஓடிப்போய்த் தன் கல்லைத் தொப்பென்று போட்டாள்.

சன்னாசி எழுந்து வந்தான். பேச்சியை ஒரு தடவை பார்த்தான். பிறகு மெல்ல நடந்து வடகரைக்குப் போனான்.

மறுநாள் வெள்ளோட்டம். பெரிய ஆட்டத்துக்கு இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. கிட்டான் வந்ததும் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினான். தென்கரைக்காரர்கள் கைதட்டிக் கூத்தாடினார்கள். பேச்சி தன் குட்டிகளிடம், "மடு நமக்குத்தான்டா கண்ணுங்களா!" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள்.

நாகப்பன் சன்னாசியை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. புங்கமரத்து நிழலில் உட்கார வைத்து, முன்னால் ஒரு குவியல் கிழங்கை வைத்தான். பேச்சிக்கு அது வேடிக்கையாக இருந்தது. 'கேட்டு வாங்கினானே, இப்ப என்ன பண்றதுன்னு தெரியலை போல' என்று நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. கிட்டான் எடுத்த எடுப்பிலேயே பந்தைப் போட்டான். பூ விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பேச்சி துள்ளிக் குதித்தாள்.

ஆனால் பூரணிக்கு என்ன ஆயிற்று? அவள் இடப்பக்கமாக வளைந்து ஓடி வந்து, தாவிப் பந்தைப் போடுவாள். அதுதான் அவள் பாணி. இன்றைக்கு அவள் திரும்பும் இடத்திலெல்லாம் வடகரையின் காட்டுப்பூனை வந்து முன்னால் நின்றது. ஒரு பந்தைத் தட்டிவிட்டது. மறு பந்தைப் பிடுங்கிக்கொண்டது. முயலைக் கீரி மறித்தது. காட்டாடு பந்தை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தது. கிட்டான் ஒருவன் என்னதான் செய்வான்? அவன் ஒரு பந்து போடுவதற்குள் வடகரை கூடையை நிரப்பிக்கொண்டிருந்தது.

தென்கரை படுதோல்வி. கைதட்ட வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

பேச்சி பூரணியிடம் பாய்ந்தாள். "என்னடி ஆச்சு உனக்கு? காலுக்கு ஏதாவது சுளுக்கா?"

பூரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கால் நல்லாத்தான் இருக்கு அக்கா. எப்பவும் அந்தப் பக்கம் திரும்பினா எதிர்ல ஆளே இருக்காது. நிம்மதியாப் போடுவேன். இன்னைக்கு எங்க திரும்பினாலும் அந்தப் பூனை!"

"எப்பவும் இருக்காதா? ஏன் இருக்காது?"

பூரணி யோசித்தாள். "தெரியலையே அக்கா" என்று சொல்லிக்கொண்டே கூடைக்கு இடப்பக்கம் பார்த்தாள்.

பேச்சியும் பார்த்தாள். புல் முளைக்காத அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அட கடவுளே! சன்னாசி!" என்று கத்திவிட்டாள்.

அவன் சும்மாவா நின்றான்? பூரணியைத் துரத்தி வருகிறவர் சன்னாசி நிற்கிற இடத்துக்கு வந்ததும் தயங்கி நிற்பார். முள்ளுக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள்? சுற்றிக்கொண்டு வருவதற்குள் பூரணி பந்தைப் போட்டிருப்பாள். பூ பூரணி தலையில் விழும். எல்லாரும் பூவைப் பார்ப்பார்கள். பேச்சியும் பூவைத்தானே பார்த்தாள்!

ஒரே மூச்சில் ஓடைக்கு ஓடினாள். சூரியன் மலைமேல் உட்கார்ந்துவிட்டது. கிட்டான் அப்போதே கல்லைப் போட்டாயிற்று. சன்னாசி கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான். பக்கத்தில் நாகப்பன்.

"சன்னாசி! போட்டுடாதேப்பா!" என்று மூச்சு வாங்கக் கூப்பிட்டாள் பேச்சி.

"அக்காவுக்கு வெட்கமே இல்லை" என்று நாகப்பன் சிரித்தான். "முந்தாநேத்து தெண்டச் சோறுன்னு சொன்ன வாய்தானே இது? தம்பி, நீ போடு. இங்கே உனக்கு ராஜ மரியாதை."

சன்னாசி அவனைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு ஆட்டத்துல நான் எங்க நிக்கணும் அண்ணே?"

"நிக்கிறதா? உனக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்? புங்கமரத்தடியில உக்காரு. கிழங்கு வரும், சாப்பிடு, தூங்கு."

"ஆட வேண்டாமா?"

"நீ எங்களுக்கு ஆடவே வேண்டாம்ப்பா. அவங்களுக்கு ஆடாம இருந்தாப் போதும்!"

சொன்ன பிறகுதான் நாகப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியுமா அவனால்?

சன்னாசி முகம் வாடிப் போனது. பேச்சி பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க அக்கா. பந்தைத் தொடாதவனை எதுக்குக் கூப்பிடறீங்க?"

பூ வாங்கித் தருகிறேன், தேன் தருகிறேன் என்று சொல்லப் பேச்சிக்கு வாய் வந்தது. ஆனால் அவன் கேட்டது அது இல்லையே! வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"பூரணி இடப்பக்கம் திரும்புறதுக்கு முன்னாடியே நீ அங்க போய் நிக்கிறே. துரத்தி வர்றவன் உன்னைத் தாண்டி வர முடியாது. முள்ளை முழுசா விரிச்சா யாருக்காவது குத்திடும், நடுவர் யானை உன்னை வெளியே அனுப்பிடும். அதனால பாதிதான் விரிப்பே. இதையெல்லாம் பார்த்தும் ஒரு நாளும் நான் யோசிச்சதில்லை. நீ இல்லாத ஒரு ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. நான் பண்ணினது தப்பு, தம்பி. என் குட்டிங்களுக்காக மட்டும் கூப்பிடலை. நீ அங்க நின்னாத்தான் நாங்க ஒரு அணி."

"முள்ளைப் பாதி விரிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று சன்னாசி ஆச்சரியமாகக் கேட்டான்.

"கண்ணுல பட்டிருக்கு. ஏன்னு இன்னைக்குத்தான் யோசிச்சேன்."

சன்னாசி கல்லைப் பார்த்தான். ஓடையைப் பார்த்தான். நாகப்பன் "ம்ம், போடு போடு" என்று அவசரப்படுத்தினான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது.

சன்னாசி குனிந்து கல்லை மணலில் வைத்தான். "காலையில வெள்ளனவே வந்துடறேன் அக்கா. பூரணிகிட்ட சொல்லிடுங்க" என்றான்.

பேச்சிக்கு உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். முள் ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டாள். கிட்டான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வடகரைக்குத் திரும்பிப் போனான். நாகப்பன் மீந்த கிழங்கை எட்டி உதைத்தான். கால் வலித்தது அவனுக்குத்தான்.

மறுநாள் பெரிய ஆட்டம். காடே திரண்டு வந்திருந்தது. வடகரை லேசில் விடவில்லை. கிட்டான் கோபத்தில் நேற்றைவிட நன்றாக ஆடினான். ஒரு பக்கம் ஒன்று விழுந்தால் மறு பக்கம் ஒன்று விழுந்தது. கடைசியில் இரண்டு கரையும் சரிசமம். நடுவர் யானை தும்பிக்கையை உயர்த்தியது. இதுதான் கடைசிப் பந்து. பந்து பூரணியிடம் இருந்தது.

பூரணி ஓடி வந்தாள். காட்டுப்பூனை பின்னாலேயே பாய்ந்தது. காடு முழுவதும் பந்தையே பார்த்தது. பேச்சி மட்டும் சன்னாசியின் கால்களைப் பார்த்தாள்.

கால்கள் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தன. அவ்வளவுதான். முள் பாதி விரிந்தது. காட்டுப்பூனை திடுக்கிட்டு நின்றுவிட்டது.

'விழுந்தாச்சு' என்று பேச்சி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பந்து அப்போதுதான் பூரணி கையை விட்டுக் கிளம்பியிருந்தது. அது கூடையில் விழுந்ததைப் பேச்சி பார்க்கவே இல்லை. காடே எழுப்பிய கூச்சலைத்தான் கேட்டாள்.

"அப்பாடா!" என்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். குட்டிகள் இரண்டும் உருண்டு புரண்டு ஓடி, மடுத் தண்ணீரில் முகத்தை வைத்துச் சளப் சளப்பென்று குடித்தன.

நீதி: ஒருவர் செய்ததை மட்டும் எண்ணி அவரை மதிப்பிடாதே, அவர் இல்லாவிட்டால் என்னவெல்லாம் நடக்காமல் போகும் என்றும் பார்.