சிரிக்காத பிணம்

எழுச்சி நாயகன் இளந்தீபனுக்குச் சண்டை வரும், டான்ஸ் வரும், அழுகை மட்டும் வராது. அன்றைக்கு, செத்துப்போன அப்பாவின் மேல் விழுந்து கதற வேண்டிய காட்சி. கிளிசரின் போட்டும் சளி பிடித்தவர் மாதிரிதான் இருந்தார்.

ஹீரோவைத் திட்ட முடியுமா? டைரக்டர் ஞானவேந்தன் பிணத்தைத் திட்டினார். பிணம், துணை நடிகர் ஏகாம்பரம். மூக்கில் பஞ்சும் கழுத்தில் மாலையுமாகக் காலையிலிருந்து வெயிலில் கிடந்தார்.

"யோவ், பார்த்தாலே அழுகை வர்ற மாதிரி சாகத் தெரியாதா உனக்கு? இந்த டேக்ல அவர் அழலைன்னா வேற பிணம் போட்டுக்கறேன்!"

"கேமராவை ஓட விடுங்க சார், செத்துக் காட்றேன்" என்றார் ஏகாம்பரம்.

சினிமாவில் ஒரு சம்பிரதாயம். பிணமாக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். இளந்தீபனோ எலுமிச்சம்பழம் நசுக்காமல் காரை எடுக்க விடாத ஆள்.

கேமரா ஓடியது. ஹீரோ குனிந்தார். பிணம் உதடு அசையாமல் முணுமுணுத்தது: "சார், இன்னிக்கு நான் சிரிக்கப்போறதில்ல. தோஷம், கொள்ளி வைக்கிறவருக்குத்தான்."

"ஐயோ, என்னை இப்படிப் பண்ணிட்டீங்களே!"

ஹீரோ நெஞ்சில் அடித்துக்கொண்டார், காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். லைட்மேன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "கட்! ஓகே!" என்றதும் பிணம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

படம் ஓடியது. "அந்த அழுகை எப்படி சார்?" என்று டிவியில் கேட்டார்கள்.

"பாத்திரமாவே வாழ்ந்துட்டேன்" என்றார் இளந்தீபன்.

டீக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவரு வாழ்றதுக்கு நான்ல செத்தேன்!"