பானெட்டுக்கு அடியில் பூவாக்கு

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதில் ஒரு சாமி, ஒரு சீடர், ஒரு பழைய அம்பாசிடர் கார். மூவரில் வயது குறைந்தது கார்தான்.

சீடர் பெயர் அர்த்தநாரி. ஜவுளிக்கடையில் காலமெல்லாம் சேலை எடுத்துப் போட்டவர். தம்பி மாரப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரை, பெண்ணின் தாய்மாமன் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டான். கல்யாணத்துக்குப் போகாமல் அர்த்தநாரி மடத்துக்கு வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், உலகப் பற்று விட்டுப்போச்சுங்க என்பார். அடுத்த மூச்சிலேயே, எந்த வரியில் எவ்வளவு சின்ன எழுத்தில் தன் பெயர் கிடந்தது என்பதையும் சொல்லிவிடுவார்.

காவி வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு சாமி ஒருநாள் காரைக் காட்டினார். பானெட்டுக்கு அடியில் எல்லாம் துரு. அதைச் சரிசெய்து பெயிண்ட் அடித்து முடி, தைப்பூசத்தன்று காவி தருகிறேன் என்றார்.

அர்த்தநாரி ஊருக்குள் போனார். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். பெயிண்டைப் பற்றிக் கேட்டால் டீக்கடையில் பால் ஆற்றுகிறவர்கூடக் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். பெயிண்டுக்கு அடியில் முதல் பூச்சாக அடிக்கிற பிரைமருக்கு ரெட் ஆக்சைடுதான் என்றார் ஒருவர். அது போன தலைமுறையோடு போச்சு, எபாக்சிதான் என்றார் இன்னொருவர். சிங்க் பிரைமர் அடிக்காத வண்டியில் தன் மாமியாரைக்கூட ஏற்ற மாட்டேன் என்றார் மூன்றாமவர். துருவையே கறுப்பாக மாற்றிவிடும் ஒரு திரவம் இருப்பதாக நான்காமவர் காதோடு சொன்னார்.

எல்லாவற்றையும் வாங்கிவந்து, சேலையை விரிப்பதுபோல் சாமி முன்னால் பரப்பினார்.

"எதை அடிக்கிறதுங்க சாமி?"

"வண்டியைப் பார்த்தியா?"

"பார்த்தேனுங்க. மேலாப்புல கொஞ்சம் துருதானுங்க."

சாமி கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

மார்கழி போயிற்று. அர்த்தநாரி டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தகரத்தில் தடவி, வெயிலில் வைத்து, முகர்ந்தும் பார்த்தார். தைப்பூசம் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மடத்து முருகனிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் பூவாக்குக் கேட்பார்கள். பூவை இலையில் பொட்டலமாக மடித்துத் தெய்வத்தின் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. என்ன பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. பிரைமருக்கு யாரும் கேட்டதில்லை. அர்த்தநாரி கேட்டார். ரெட் ஆக்சைடுக்குச் செவ்வரளி, எபாக்சிக்கு வெள்ளரளி, சிங்குக்குச் செவந்தி. மூன்று பொட்டலத்தையும் முருகன் முன்னால் வைத்தார்.

குளித்துவிட்டு வந்து எடு என்றார் சாமி.

ஈரத்தலையோடு வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே பூ இல்லை. பழுப்பாக, அப்பளம் நொறுங்கியதுபோல் துருச் செதில். அடுத்ததைப் பிரித்தார். துரு. மூன்றாவதிலும் அதுவேதான்.

"பூவெல்லாம் எங்கீங்க சாமி?"

"முருகன் எடுத்துக்கிட்டிருப்பான்."

"இது?"

"பேட்டரிக்கு அடியில இருந்துச்சு. முதல்ல அதைத்தான் கேக்கிறானாட்டம் இருக்குது."

அன்றைக்குத்தான் அர்த்தநாரி பேட்டரியைத் தூக்கினார். அடியில் அப்பிக் கிடந்தது சந்தனமும் குங்குமமும். எல்லாம் அவர் கை வேலை. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை, சாமி வண்டியாயிற்றே என்று, தேங்காய் உடைத்த தண்ணீரையும் அங்கேயே ஊற்றிக் குளிப்பாட்டியிருந்தார். ஈரமும் பேட்டரியிலிருந்து கசிந்த ஆசிடும் சேர்ந்து இரும்பைத் தின்றிருந்தன.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். உரிந்துகொண்டே வந்தது. எவ்வளவுதான் போகும் என்று திருப்புளியால் ஒரு குத்து குத்தினார். திருப்புளி உள்ளே இறங்கி, கைநழுவி, தரையில் விழுந்தது. ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். கீழே மேய்ந்துகொண்டிருந்த கோழி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"ஓட்டை விழுந்துடுச்சுங்க சாமி."

"விழுந்துச்சா, இருந்துச்சா?"

அர்த்தநாரி சோடா உப்புத் தண்ணீரால் ஆசிடைக் கழுவினார். ஊருக்குள் கொண்டுபோய்த் தகடு வைத்துப் பற்றவைத்து வந்தார். மறுபடி தேய்த்தார். உப்புத்தாள் தேய்ந்தது, விரல் நுனி தேய்ந்தது, கடைசியில் இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. தாள் எட்டாத குழிகளில் மட்டும் நான்காமவர் சொன்ன திரவத்தைத் தொட்டு வைத்தார். அது காய்ந்ததும் கைக்கு எட்டிய டப்பாவைத் திறந்து பிரைமர் அடித்தார். பிரஷ்ஷைக் கழுவும்போதுதான், எதை அடிப்பது என்று யாரையும் கேட்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. ரெட் ஆக்சைடு. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். சாமி நன்றாகக் குனிந்து, பேட்டரிக்கு அடியில் விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். தலையசைத்தார்.

"அப்போ காவிங்க சாமி?"

சாமி அவருடைய வேட்டியைப் பார்த்தார். வெள்ளை வேட்டி ரெட் ஆக்சைடில் தோய்ந்து செங்காவியாகக் கிடந்தது.

"நிறம் ஏறிடுச்சே. சாவியை எடுத்துக்கிட்டு வா."

"எங்கீங்க?"

"மாரப்பன் வீட்டுக்கு ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்போம்."

அர்த்தநாரி சாவியை எடுத்து வந்தார். அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க, இருந்தாலும் அவன் தாய்மாமன் பேருக்குக் கீழே, என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாமி அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் கம்பி பிரஷ்.

"அது எதுக்குங்க சாமி? வண்டிக்குத்தான் வேலை முடிஞ்சுதுங்களே."

"ஆமா," என்றார் சாமி. "வண்டிக்கு முடிஞ்சுது."