மூன்று மணிக்குள் மடிக்க வேண்டிய இலை

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்களுடையது. ஆனால் பாதியிலேயே யாரும் கட்சி சேரக்கூடாது. எனக்கு அது பிடிக்காது.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் முத்துப்பேச்சி என்றொரு பெண். ஜாமீனில் வெளியே வந்துவிட்டு வாய்தாவுக்கு வராமல் தலைமறைவாகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவது அவள் பிழைப்பு. ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டவர்கள் அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். "பொம்பளை செய்யுத வேலையாட்டி இது?" என்று அம்மா கோமதியம்மாள் தினமும் கேட்பாள். கேட்டுவிட்டு மகளின் மொபெட்டில் சோற்றுத் தூக்கை மாட்டிவிடுவாள்.

இந்தத் தடவை மாட்டிக்கொண்டவர் முத்துப்பேச்சியின் தாய்மாமன் சுடலைமுத்து. யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். தண்ணீர் மோட்டார் திருடிய வழக்கில் சிக்கிய ஆவுடையப்பனுக்கு, குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைக் காட்டி ஜாமீன் நின்றார். அவன் கம்பி நீட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஆள் வராவிட்டால் வீடு ஜப்தி என்று மாஜிஸ்திரேட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பதினோரு நாள் அலைந்தும் அவன் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் மகளுக்குக் காதுகுத்து வேறு. மனசே இல்லாமல் மண்டபத்தில் நின்றவள், இரண்டே கால் மணிக்குக் கடைசிப் பந்தியைப் பார்த்தாள். நடுவில் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான் ஆவுடையப்பன்.

பசியோடு அந்த வழியாகப் போனவனை, மருமகன் வகைச் சொந்தம் என்று நினைத்து, கோமதியம்மாளே வற்புறுத்தி உட்காரவைத்திருக்கிறாள். இப்படி ஒரு கூத்து!

முத்துப்பேச்சி பாய்ந்துபோய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"கையை எடுட்டி. இலையில உட்கார்ந்தவனை எழுப்புத பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது," என்றாள் அம்மா.

"எம்மா, இவன்தான் ஆவுடையப்பன். மாமா வீடு போயிரும்."

கோமதியம்மாள் தூரத்தில் நின்ற தம்பியைப் பார்த்தாள். ஆனாலும், "சாப்பிட்டு இலையை மடிக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. இது என் வாக்கு," என்று சொல்லிவிட்டாள்.

"மடிச்சதும் நானே வாரேம்மா," என்றான் அவன், நல்ல பிள்ளையாக.

மடித்தால்தானே! ரசம் கேட்டான். மோர் கேட்டான். மோர் ஊற்றிய பிறகு மறுபடி சாம்பார் கேட்கிறவனை நீங்கள் பார்த்ததுண்டா? அவன் கேட்டான். அதன் பிறகும் மூன்று தடவை சோறு வாங்கினான். பந்தியில் மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கோர்ட்டுக்கு இருபது நிமிஷ வழி. முத்துப்பேச்சி வாசலை மறித்து நின்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.

சாம்பார் வாளியோடு நின்றவர் அவள் கணவர் வேலாயுதம். ஆவுடையப்பன் தண்ணீருக்குத் திரும்பிய நொடியில், எதிரே நின்றபடியே சட்டென்று அவன் இலையை மடித்துவிட்டார். எதிரில் நின்று மடித்ததால் இலை வெளிப்பக்கமாக மடிந்தது. துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். பேத்தியின் விசேஷத்தில் இப்படியா என்று கோமதியம்மாள் மருமகனை முறைத்தாள்.

"நான் மடிக்கலியே," என்றான் ஆவுடையப்பன்.

"மடிஞ்சாச்சுல்லா, எந்திரி," என்றார் வேலாயுதம். அதற்குள் முத்துப்பேச்சி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மணி இரண்டு முப்பத்தைந்து.

"விடு தாயி," என்று வந்தார் சுடலைமுத்து. "எங்க அக்கா வாக்குக் குடுத்திருக்கா."

"மாமா, நேரம் இல்ல."

"தெரியும்."

அவரே புது இலை கொண்டுவந்து விரித்தார். தண்ணீர் தெளித்தார். சோறும் அவரே போட்டார். "நல்லா இருந்து சாப்பிடுய்யா," என்றார். முத்துப்பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை விட்டாள்.

ஆவுடையப்பன் அந்தச் சோற்றைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இனிமே இறங்காது அண்ணாச்சி," என்று இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தான். இரண்டு ஐம்பத்தாறுக்கு மொபெட் கோர்ட் வாசலில் நின்றது. வீடு பிழைத்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை. "பதினோரு நாள் அலைஞ்சு, வாசலை மறிச்சு நின்னவ நான்," என்றாள் முத்துப்பேச்சி. "என் வாக்கை நம்பித்தான் அவன் ஓடாம உட்கார்ந்திருந்தான்," என்றாள் கோமதியம்மாள். "நான் மடிக்கலேன்னா விடிய விடிய சாம்பார் கேட்டிருப்பான்," என்றார் வேலாயுதம். சுடலைமுத்து மிச்சச் சோற்றை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லுங்கள்: ஆவுடையப்பனைப் பிடித்துக் கொடுத்தது இந்த நால்வரில் யார்?

விடை: என்னைக் கேட்டால் சுடலைமுத்துதான். வயிறு நிறைந்ததால் எழுந்தான் என்று வாதாடாதீர்கள். அது மோருக்கே நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகும் தின்றானே. அம்மாவின் வாக்கு அவனுக்கு ஒளிய இடம் கொடுத்தது. மகளின் பிடியும் மருமகனின் தந்திரமும் அவன் பக்கமே நியாயத்தைச் சேர்த்தன. தன்னால் வீடிழக்கப் போகிறவர் கையால் விழுந்த சோற்றை மட்டும் அவனால் தொட முடியவில்லை. ஆனால் சுடலைமுத்துவின் மனைவி இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. "அந்த வீடு எனக்கும்தானே? இலையைப் போடுததுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள். அதை நீங்களே தீர்த்துவையுங்கள்.