சொந்த லாபம் இல்லாதவர்கள் வாங்கிய வில்

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் பிரம்மசக்தி. என் வகுப்புத் தோழி. அவளுக்குச் செய்யப்பட்ட அநியாயம் இதுதான்: அவள் எய்வதற்காக ஒரு வில் வாங்கக் குழு போட்டார்கள். அந்த வில்லை எய்யப் போகிறவள் அவள் என்ற ஒரே காரணத்தால், குழுவில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். இப்போதே சிரித்துவிடாதீர்கள். சிரிக்க இன்னும் இடம் வரும்.

எங்கள் பல்கலைக்கழக வில் கழகத்தில் எல்லோருமே காம்பவுண்டு வில் ஆட்கள். அதைப் பார்த்தால் வில் என்றே சொல்ல மாட்டீர்கள். சைக்கிள் கடையில் எதையோ கழற்றிப் பாதியில் விட்டுப் போன மாதிரி இருக்கும். இரண்டு முனையிலும் சக்கரம். குறி பார்க்க ஒரு கண்ணாடி. நாணை விடுவதற்கு விரல்கூட வேண்டாம், கையில் மாட்டிய விசையை அமுக்கினால் போதும். எல்லாவற்றையும்விடப் பெரிய சுகம், முழுதாக இழுத்து முடித்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். அப்படியே நின்றுகொண்டு ஊர்க்கதை பேசலாம்.

இந்த வருஷம் போட்டியில் பழைய பாணி ரிகர்வ் வில்லுக்கும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அது மரவில். நாண் பூட்டாமல் வைத்தால் முனைகள் எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்கும். சக்கரமும் இல்லை, கண்ணாடியும் இல்லை, விசையும் இல்லை. கழகத்தில் பிரம்மசக்தி ஒருத்திதான் துணிந்து பெயர் கொடுத்தாள். சனிக்கிழமை தேர்வுச் சுற்று. அதற்குள் கைக்கு வில் வந்தால் எய்வாள். வராவிட்டால் போச்சு, அவளுக்கு இது கடைசி வருஷம்.

விளையாட்டுத் துறை இயக்குநர் வெளியூர் கிளம்பும் அவசரத்தில், "மூணு பேர் குழு போடுங்க. குழுவுல இருக்கவனுக்கு அந்த வில்லால சொந்த லாபம் எதுவும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். கமிஷன் அடிக்காதே என்பதை மரியாதையாகச் சொன்னார், பாவம்.

குழுவின் தலைவர் பலவேசம் அண்ணன். ஆறடி உயரம், இடது கைக்காரர், "மணி என்ன?" என்று கேட்டால்கூட நெஞ்சில் கை வைத்துத்தான் பதில் சொல்லுவார். செயலாளர் சாலமோன், எதையும் "தத்துவப்படி பாத்தா" என்று தொடங்குபவன். மூன்றாவது ஆள் முத்துக்குட்டி. உயரம் கம்மி, விசுவாசம் ஜாஸ்தி. வாக்கெடுப்பு என்றால் இரண்டு கையையும் தூக்குவான்.

"எனக்கு வில்லு வாங்கதுக்கு நான் இல்லாமக் குழுவா?" என்று பிரம்மசக்தி கேட்டாள்.

"கோவப்படாத சக்தி. அந்த வில்ல யாரு எய்வா?"

"நான்தான்."

"நல்ல வில்லா அமைஞ்சா யாருக்கு நல்லது?"

"எனக்குத்தான்."

"பாத்தியா," என்று பலவேசம் நெஞ்சில் கை வைத்தார். "உன் வாயாலயே சொல்லிட்ட."

"தத்துவப்படி பாத்தா," என்றான் சாலமோன், "இந்த வில்லப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன்தான் நடுநிலையா முடிவெடுக்க முடியும். அந்த வகையில நாங்க மூணு பேரும் முழுத் தகுதி."

முத்துக்குட்டி இரண்டு கையையும் தூக்கினான். தீர்மானம் நிறைவேறியது.

டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம். பிரம்மசக்தியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வில்லை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்பதால் உள்ளே விட்டார்கள்.

"எய்யப் போறது யாரு? கை நீளத்த அளக்கணும்லா," என்றார் அண்ணாச்சி.

"வெளிய நிக்கா. ஆனா அவள அளக்கக் கூடாது," என்றார் பலவேசம்.

"ஏன்?"

"அவ கை அவளுக்குச் சொந்தம், அண்ணாச்சி."

அண்ணாச்சி வாசலை எட்டிப் பார்த்தார். பிரம்மசக்தி இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். சாலமோன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"சரி, காம்பவுண்டுல எத்தன பவுண்டு இழுக்கீய?" என்று அண்ணாச்சி பலவேசத்தைக் கேட்டார்.

"அம்பது."

"அப்ப இதுல முப்பதத் தாண்டாதீய. சும்மா இழுத்துப் பாருங்க, தெரியும்," என்று ஒரு வில்லை எடுத்துக் கொடுத்தார்.

பலவேசம் நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்தார். இழுத்துவிட்டு அப்படியே நின்றார். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு.

"என்ன அண்ணே?" என்றான் முத்துக்குட்டி.

"பொறு லே. இன்னும் லேசாவல."

"தம்பி, அது லேசாவாது," என்றார் அண்ணாச்சி. "அதுல சக்கரம் ஒங்க பாரத்தச் சொமந்துச்சு. இதுல நீங்கதான் சொமக்கணும்."

"புது வில்லுல்லா அண்ணாச்சி. போகப் போகச் சரியாயிரும்," என்றார் பலவேசம். முழங்கை தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போன் அடித்தது. அண்ணாச்சி எழுந்து போகும்போது, "அம்பு இல்லாம நாண விட்டுராதீய, வில்லு ஒடஞ்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். பலவேசம் விடவில்லை. இழுத்த வழியே திருப்பிக் கொண்டுபோகலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண் பிதுங்கத் தொடங்கியதும் முத்துக்குட்டி அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். சாலமோன் முத்துக்குட்டியின் இடுப்பைப் பிடித்தான். அண்ணாச்சியைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "குழுல இல்லாதவங்க பேசக் கூடாது," என்றான் சாலமோன், மூச்சு வாங்கிக்கொண்டே.

அண்ணாச்சி திரும்பி வந்து பதறிவிட்டார். "ஏ, என்னவே இது! மெதுவா முன்னால கொண்டுபோங்கவே!"

நாணைச் சொன்னார் அவர். மூன்று பேரும், பிடித்த பிடி விடாமல், மெதுவாக முன்னால் போனார்கள். கிரிக்கெட் மட்டைகளைத் தாண்டி, கேரம் பலகைகளைத் தாண்டி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்கள். அல்வாக் கடை வரிசை தானாக விலகி வழி விட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு கண்டக்டர் மட்டும், "மூணு பேருக்கும் ஒரே எடந்தானா?" என்று கேட்டார்.

பிரம்மசக்திதான் ஓடிப்போய், பலவேசத்தின் விரல்களோடு சேர்த்து நாணைப் பிடித்து, அலுங்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள்.

பலவேசம் விரல்களை உதறிக்கொண்டார். "ரொம்ப நன்றி சக்தி," என்றார். "ஆனா நீ வில்லத் தொட்டுட்ட. நான் இதக் குறிச்சு வைக்க வேண்டியிருக்கும்."

திரும்பக் கடைக்கு வந்ததும், அண்ணாச்சி வேறொரு வில்லை எடுத்து மேஜையில் பரப்பினார். "இது மூணு துண்டா வரும். நடுவுல கைப்பிடி, மேல ஒரு தண்டு, கீழ ஒரு தண்டு. திருகி மாட்டிக்கிடலாம். கைப்பிடி இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. தண்டு அவங்கவங்க உயரத்துக்குத் தக்கன."

மூன்று துண்டு என்றதும் மூன்று முகமும் மலர்ந்தது. குழுவிலும் மூன்று பேர்! இதைவிட ஜனநாயகமான வில் உலகத்தில் உண்டா? ஆளுக்கு ஒரு துண்டு தேர்ந்தெடுப்பது, ஒருத்தர் துண்டில் இன்னொருத்தர் தலையிடுவதில்லை என்று அங்கேயே நின்ற நிலையில் தீர்மானம் போட்டார்கள்.

பலவேசம் கைப்பிடியை எடுத்தார். பிடித்துப் பார்த்ததில் எது கைக்கு இதமாக இருந்ததோ அது. அதாவது, இடது கைக்காரருக்கானது. சாலமோன் மேல் தண்டாக, கடையிலேயே நீளமான தண்டை எடுத்தான். முத்துக்குட்டி கீழ் தண்டாக, இருப்பதிலேயே குட்டையான தண்டைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இந்த அலமாரித் தட்டுதான் எட்டுது," என்றான்.

"தம்பி, ரெண்டு தண்டும் ஜோடி!" என்று அண்ணாச்சி கத்தினார். "செருப்பு மாதிரி!"

சாலமோன் யோசித்தான். "செருப்புலயே இடதும் வலதும் வேற வேறதான அண்ணாச்சி?"

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பொருந்தலன்னா கொண்டாங்க தாயி, மாத்தித் தாரேன். குழு சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்," என்றார். குழுவைப் பார்த்துக் கடைசியாக ஒரு புத்திமதியும் சொன்னார். "இதுல குறி பாக்கக் கண்ணாடி கெடையாது. கண்ண எலக்கு மேல வச்சிருங்க. கை தானா வேலையப் பாத்துக்கிடும்."

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் சோதனை. மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டோடு வந்து திருகி மாட்டினார்கள். மேலே கொக்கு, கீழே கோழி என்று வில் எழுந்து நின்றது.

அடுத்து நாண். "முனை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கோ, அந்தப் பக்கந்தான நாண் கட்டணும்?" என்றார் பலவேசம்.

"தத்துவப்படி பாத்தா, வில்லே வழி காட்டுது," என்றான் சாலமோன்.

கட்டினார்கள். கொடிக்கயிறு கட்டும் பாடுகூடப் படவில்லை. அந்தக் கயிற்றில் சட்டை காயப் போடலாம், அவ்வளவு தொய்வு.

"அண்ணே, நாண் தலைகீழா இருக்கு," என்றாள் பிரம்மசக்தி.

"லாபம் இருக்கவ அபிப்பிராயம் சொல்லக் கூடாது."

பலவேசம் அம்பைத் தொடுத்தார். "கண்ண எலக்கு மேல வைக்கணும்னாரே, யாரு வைக்க?"

"நான் வைக்கேன்ணே," என்று முத்துக்குட்டி மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினான். அங்கே நின்ற இலக்குப் பலகையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "வச்சிட்டேன்!" என்று கூவினான்.

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"ரெண்டும் வைக்க மூக்கு விட மாட்டேங்குதுண்ணே! ஒண்ணுதான்!"

நான் அலறினேன். பிரம்மசக்தி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பலவேசம் விட்டுவிட்டார். அம்பு புறப்பட்டு, அவருடைய வலது கால் பெருவிரலுக்குச் சற்று முன்னால் வந்து படுத்துக்கொண்டது.

"முத்துக்குட்டி! வலிக்கா?"

"இல்லண்ணே!"

"குறிச்சுக்கோ சாலமோன்," என்றார் பலவேசம், நெஞ்சில் கை வைத்து. "வில்லு ரொம்பப் பாதுகாப்பானது."

அன்றைக்கே பிரம்மசக்தி இயக்குநருக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ ஒரு கூட்டத்தில் இருந்தார். "குழுகிட்டயே கேளும்மா, பதில் சொல்லச் சொல்லு," என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கழக அறையில் அவள் கேட்டாள்: "கைப்பிடி எடது கைக்கு, நான் வலது கைக்காரி. மேல் தண்டு பனமரம், கீழ் தண்டு கத்திரிச்செடி. நாளைக்குத் தேர்வு. இத வச்சு நான் எப்பிடி எய்ய? நீங்க ஒரு வார்த்த சொன்னா அண்ணாச்சி இப்பவே மாத்தித் தருவாரு. சொல்லுவீகளா, மாட்டீகளா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி கேட்க முடியுமா? குழு எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஆலோசித்தது. ஜன்னல் திறந்திருந்ததை நடுநிலையாளர்கள் கவனிக்கவில்லை.

"அவ எய்ய முடியலங்கா. அப்ப, ஒண்ணு வில்லு சரியில்ல, இல்ல ஆளு சரியில்ல," என்றது சாலமோனின் குரல்.

"வில்லத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நாமதான்."

"ஆள நாமளா தேர்ந்தெடுத்தோம்?"

"இல்லண்ணே. அவளாத்தான் பேரு குடுத்தா."

"அப்ப தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்லா."

முத்துக்குட்டி கை தூக்கியிருப்பான் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்தது. பலவேசம் வெளியே வந்தார். நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னார்:

"சக்தி, உன் கேள்வி ரொம்ப நியாயமானது. வில்லுல ஒரு கொறையும் இல்ல, அதுக்குத் தோதான ஆளுதான் இன்னும் அமையல. எடது கைக்காரனா இருக்கணும். இடுப்புக்கு மேல என் ஒயரம், இடுப்புக்குக் கீழ முத்துக்குட்டி ஒயரம். அப்பிடி ஒரு ஆளத் தேடி எடுக்கப் புதுசாக் குழு போடுதோம். இந்த வில்லால ஒனக்கு நயாபைசா லாபம் கெடையாதுன்னு நீயே நிரூபிச்சிட்ட. அதனால, அந்தக் குழுவுக்கு நீதான் தலைவி. ஆனா ஒண்ணு, போட்டில எய்யணும்னு மட்டும் ஆசப்படாத, பதவி போயிரும்."