தூக்காத கை

சிலுவைமுத்து மாஸ்டரின் கபடி மைதானத்தில் விசில் கிடையாது. பயிற்சி ஆட்டத்துக்கு அம்பயரும் கிடையாது. பாடி வருகிறவனின் கையோ காலோ மேலே பட்டால், பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும். தன் பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் கிடைத்ததும் திரும்ப உள்ளே வரலாம்.

ஏன் இப்படி என்று மாஸ்டர் சொன்னதில்லை. எதையும் விளக்கிச் சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

அவரிடம் பயிற்சி எடுத்த அரசுக் கல்லூரிப் பையன்கள் இந்தப் பழக்கத்தைப் போட்டிகளுக்கும் கொண்டுபோனார்கள். அம்பயர் கண்ணில் படாத டச்சுக்கெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாக வெளியே நடந்தார்கள். சீசன் தொடக்கத்தில் ஒன்றிரண்டு ஆட்டம் இப்படியே கைநழுவிப் போனது. மற்ற கல்லூரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'கைதூக்கிக் கல்லூரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டாலே கேப்டன் மாடக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாஸ்டர், அம்பயர் பாக்காத டச், டச்சா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

மாஸ்டர் குனிந்து களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடு போ," என்றார்.

ஆடினார்கள். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. எதிரே வந்த கல்லூரிகளையெல்லாம் சாய்த்துவிட்டு செமி ஃபைனலில் வந்து நின்றார்கள். அந்தக் கல்லூரி அதுவரை ஃபைனலைக் கண்ணால் கண்டதில்லை.

செமி ஃபைனல் காலையில். எதிரணி மலையடிவாரக் கல்லூரி. ஆட்டத்தில் கடைசியாகப் பாடி வரும் முறை வந்தபோது மாடக்கண்ணுவின் அணி ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. மலையடிவாரக் கேப்டன் அருஞ்சுனை பாடி வந்தான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஆட்டம் சமம். தொடாமல் திரும்பினால் இவர்கள் ஃபைனலில்.

இடது மூலையில் மாடக்கண்ணு நின்றான். அருஞ்சுனை திரும்பிப் போகிறவன் போலப் போக்குக் காட்டி, சட்டென்று காலைப் பின்னால் வீசினான். அவன் பெருவிரல் மாடக்கண்ணுவின் கணுக்காலை உரசிக்கொண்டு போனது.

"டச்!" என்று கத்திக்கொண்டே அருஞ்சுனை நடுக்கோட்டைத் தாண்டினான்.

அம்பயர் பார்க்கவில்லை. கோட்டோரம் நின்றவரும் பார்க்கவில்லை. அம்பயர் திரும்பி மாடக்கண்ணுவின் கையைப் பார்த்தார். மைதானமே அந்தக் கையைத்தான் பார்த்தது.

கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"இந்தப் பயலுவ பட்டா தூக்கிருவானுவ. தூக்கல. அப்ப டச் இல்ல," என்று சொல்லி அம்பயர் நீளமாக விசில் ஊதினார்.

வேலாண்டி ஓடிவந்து மாடக்கண்ணுவைத் தோளில் தூக்கிக்கொண்டான். அந்த அணிக்குப் பாடிப் போய்ப் பாயிண்ட் கொண்டுவருகிறவன் அவன்தான். அவன் தோளில் இருந்தபடியே மாடக்கண்ணு மாஸ்டரைத் தேடினான். அவர் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ கழற்றிப் போட்ட முழங்கால் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் தக்காளி சாதம் வந்தது. ஃபைனல் மாலையில் என்பதால் எல்லாரும் அளவாகச் சாப்பிட்டார்கள். மாடக்கண்ணுவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்லா. அம்பயர் பாக்காத டச், டச்சான்னு."

"கேட்டே."

"இப்பவாவது சொல்லுங்க."

"எனக்கு எப்படிடே தெரியும்? அருஞ்சுனைகிட்ட போய்க் கேளு."

மலையடிவாரப் பையன்கள் மைதானத்தின் அந்தக் கோடியில் வேனுக்காகக் காத்து நின்றார்கள். அருஞ்சுனை மட்டும் தனியாக உட்கார்ந்து தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

மாடக்கண்ணு எதிரே போய் நின்றதும் அவனே ஆரம்பித்தான்.

"நானே வந்து கேக்கணும்னு இருந்தேன். பட்டுச்சுன்னு சத்தியமே பண்ணிருப்பேன். ஆனா எங்க பயலுவ, 'கைதூக்கிக் கல்லூரிக்காரன் தூக்கலேன்னா படலதாம்லே, பொய்க் கூப்பாடு போட்டு மானத்த வாங்கிட்டே'ங்கானுவ. இப்ப எனக்கே என் காலு மேல சந்தேகம் வந்துட்டு. நீ சொல்லு. படலையா?"

திட்டியிருந்தால் மாடக்கண்ணு தாங்கியிருப்பான். இதை அவனால் தாங்க முடியவில்லை.

"பட்டுச்சு," என்றான்.

அருஞ்சுனை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டான். பிறகு எழுந்து தன் பையன்களைப் பார்த்து நடந்தான்.

மாடக்கண்ணு நேராக அம்பயர் மேசைக்குப் போய் அதே வார்த்தையை இன்னொரு தரம் சொன்னான். மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். தலைக்குத் தலை பேசி, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. காலை ஆட்டம் சமம். கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆட வேண்டும். அதில் ஜெயிக்கிறவர்களுக்கு ஃபைனல்.

வேலாண்டி பாய்ந்து வந்து மாடக்கண்ணுவின் பனியனைக் கொத்தாகப் பிடித்தான்.

"வருசம் பூரா மண்ணுல உருண்டது எதுக்குலே? நீ நல்லவன்னு பேரு வாங்கவா? தூக்கணும்னா அப்பவே தூக்கிருக்கணும். இல்லையா, வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கணும். ரெண்டுங்கெட்டான் பயலே!"

வேலாண்டி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டு அணிகளும் களத்துக்கு வந்தன.

"எங்க பக்கம் ஆறு பேரு," என்றார் மாஸ்டர்.

அம்பயர் நிமிர்ந்து பார்த்தார். "ரூல்படி ஏழு பேரு எறங்கலாம் மாஸ்டர்."

"தெரியும்யா. ஒருத்தன் அவுட்டு."

யாரும் பெயர் சொல்லவில்லை. மாடக்கண்ணு தானாகவே போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான்.

ஆறு பேர் ஏழு பேரோடு மல்லுக்கட்டினார்கள். அருஞ்சுனை பாடி வந்து ஒருவனைத் தொட்டுவிட்டுப் போனான். அடுத்து வந்தவன் இன்னொருவனைத் தொட்டான். இரண்டு பேரும் வெளியே வந்து, மாடக்கண்ணுவை ஒட்டாமல் தள்ளி உட்கார்ந்தார்கள். களத்தின் இடது மூலை காலியாகக் கிடந்தது. அந்த வழியாகத்தான் பாயிண்டெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மாடக்கண்ணு தரையைப் பிறாண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேலாண்டி பாடிப் போனான். பிடிக்கப் பாய்ந்தவனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மற்றவர்கள் சூழ்வதற்குள் தாவி வந்து நடுக்கோட்டில் குப்புற விழுந்தான்.

ஒரு பாயிண்ட். ஒருவன் உள்ளே வரலாம். யார் முதலில் வெளியே போனானோ அவன்தான் வர வேண்டும்.

மாடக்கண்ணு எழுந்தான். கோடு வரை வந்தவனுக்கு அதைத் தாண்டக் கால் எழவில்லை. உள்ளே வேலாண்டி முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் கோபம் குறையவே இல்லை. மாடக்கண்ணு மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"மாஸ்டர், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் உள்ள போவேன்?"

"வெளிய போனவன்தானடே உள்ள வர முடியும்," என்றார் மாஸ்டர்.